அடைக்கும் நாள் அறிந்த கைகளுக்கு

பல் சிகிச்சைப் பிரிவிலிருந்து பணி ஓய்வு பெறும் டொக்டர் றுஸைனா மொஹிதீன் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் அன்போடு வாசித்தளிக்கும் மடல்

எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய டொக்டர் அவர்களே!

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் வந்தவரின் பெயரையும் ஊரையும் கேட்கும் பண்பே! துளைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் தொங்கினாலும் அதைத் தொடுமுன் நின்று நிதானித்து யோசிக்கும் பொறுமையே! மொனராகலை வெயிலிலும் பண்டாரவளைக் குளிரிலும் பஸ் ஏறி வந்து பல் பார்த்த உழைப்பே! நமுனுகுல மலையடித் தோட்டங்களில் சொந்தப் பெயர் மறைந்து, ‘டொக்டரம்மா’ என்றே வாழ்பவரே! வணக்கம்.

முப்பது வருட அரச சேவையை நிறைவு செய்து இன்று எங்களிடம் விடைபெறுகிறீர்கள். எத்தனை பல் பிடுங்கினீர்கள், எத்தனை பல் அடைத்தீர்கள் என்று அலுவலகம் சொல்லும். நீங்கள் பிடுங்காமல் விட்ட பற்களையும், அடைக்காமல் காத்திருந்த பற்களையும் யாரும் கணக்கெடுப்பதில்லை. அவை இன்னும் ஊவா மலைகளில் ரொட்டி மென்றுகொண்டிருக்கின்றன. இந்த மடல் அவற்றைப் பற்றியது.

எழுதும் பொறுப்பை ஜீவராணியாகிய என்னிடம் தந்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். உங்களை நான் முதலில் சந்தித்தது இந்தப் பிரிவின் ஊழியராக அல்ல. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அக்காவைப் பறிகொடுத்த வீட்டிலிருந்து வந்த ஒருத்தியாகச் சந்தித்தேன்.

என் அக்கா தனலெட்சுமிக்குக் கீழ்க்கடைவாய்ப் பல் வலித்தது. கராம்பு வைத்தாள், வலி மாத்திரை போட்டாள், வேலைக்குப் போனாள். ஒரு நாள் வலி தானாகவே நின்றுவிட்டது. “சரியாப் போச்சு, இனி ஆஸ்பத்திரிக்கு எதுக்கு?” என்று சிரித்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். வலி போனால் நோய் போனது. சில வாரம் கழித்துத் தாடைக்கு அடியில் வீங்கியது, கழுத்துக்கு இறங்கியது, மூச்சு முட்டியது. கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எல்லாம் கடந்துபோயிருந்தது. பல்லால் ஒருத்தி சாவாளா என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் திகைத்து நின்றன.

அந்தத் திகைப்பு பயமானது. கருமாதி முடிந்த மறுவாரமே வான் பிடித்துக்கொண்டு எங்கள் ஆட்கள் உங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே வேண்டுகோள்.

“கறுப்பா இருக்கிறது எல்லாத்தையும் புடுங்கிடுங்க டொக்டரம்மா. ஒரே நாள்ல முடிச்சிட்டா இன்னொரு பேரு போகாது.”

வேலைக்குப் போகாத நாளில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் பெயர் விழாது; அதைத்தான் பேரு போவது என்போம். அன்றைய சம்பளமும் இல்லை. ஒரு பல்லுக்கு ஒரு நாள் என்று யாரால் வர முடியும்? அதனால் வருவது ஒரு நாள், அன்று வாயிலுள்ள சந்தேகம் முழுவதையும் பிடுங்கிவிட்டுப் போவது. இதுவே எங்கள் வழக்கம்.

நீங்கள் ஒருவரையும் ஏசவில்லை. முதலில் உட்கார்ந்த பெண்ணின் பல்லைத் தேய்த்துத் துடைத்தீர்கள். கறுப்பு கழன்று வந்தது.

“இது சூத்தை இல்லம்மா. வெத்திலைக் கறை.”

“ஐயய்யோ! அப்ப எம் புருஷன் இம்புட்டு வருஷமா சூத்தப்பல்லுக்காரின்னு ஏசுனதெல்லாம்?”

“அவரையும் கூட்டிட்டு வாங்க. அவர்ட வாயையும் ஒருக்காப் பாப்போம்.”

துக்க வீட்டிலிருந்து வந்த கூட்டம் அன்று முதன்முதலாகச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்ததற்காக உடனே அழுதேன். தாதி ஷிரோமி என்னை வெளியே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

அந்த வரிசையில் அக்காவின் கணவர், என் மச்சான் சிவஞானம், தன் மகள் விஜயலெட்சுமியோடு நின்றிருந்தார்; அவர்கள் முறை வந்தபோது நானும் உள்ளே போனேன். பிள்ளைக்கு அப்போது பத்தொன்பது வயது. கீழ்க்கடைவாய்ப் பல்லின் குழியில் கறுப்பாக ஒரு கோடு. தாய்க்குக் கெட்டுப்போனதும் அதே பக்கத்துப் பல்தான்.

பல்லைக் காற்றடித்து உலர்த்தினீர்கள். சிறு கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தீர்கள். எக்ஸ்ரே எடுத்து வரச் சொல்லி, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: “புடுங்கவும் வேணாம். இப்ப அடைக்கவும் வேணாம்.”

சிவஞானத்தின் குரல் அறைக்கு வெளியிலும் கேட்டது. “எங்க வீட்டுல ஒரு உசுரு போயிருச்சுங்க. இன்னொண்ண வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா? ஊசியால குத்திக்கூடப் பாக்கல நீங்க!”

“குத்தினா நானே ஓட்டை போட்ட மாதிரி ஆகிடும் அண்ணன். இங்க பாருங்க.” கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்துப் பல்லைக் காட்டினீர்கள். “நிறத்தப் பாத்துப் பயப்படாதீங்க. கறுப்பா இருந்தாலும் வழுவழுன்னு பளபளப்பா இருக்கு. அப்படின்னா அந்த இடம் இறுகி நிக்குது. பழுது நடந்துகிட்டிருந்தா மங்கலா, சுண்ணாம்பு மாதிரி சொரசொரப்பா இருக்கும். மேல் ஓடு உடையல்ல. எக்ஸ்ரேயிலயும் நிழல் வெளி ஓட்டோட நிக்குது, உள்ளுக்கு இறங்கல்ல. பிரஷ் போற இடம். இத நான் இன்னைக்குத் துளைச்சா நல்ல பல்லையும் சேத்துத்தான் துளைக்கணும்.”

“துளைச்சு அடைச்சிட்டா நிம்மதிதானே?”

“அடைச்சது ஆயுசுக்கும் நிக்காது அண்ணன். சில வருஷத்துல தேயும், ஓரம் விடும். திரும்ப எடுத்து அடைக்கிற நேரம் ஓட்டை பெரிசாகும். ஒவ்வொரு தடவையும் பல்லு கொஞ்சம் குறையும். அதனால முதல் தடவைய எவ்வளவு தள்ளிப் போடலாமோ அவ்வளவு தள்ளிப் போடணும். ஆனா அதுக்கு மேல ஒரு நாளும் தள்ளக் கூடாது.”

அவர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு மிகவும் தணிந்த குரலில் கேட்டார்: “அப்ப அவ பல்லு?”

“நான் அவங்களப் பாக்கல்ல. நீங்க சொல்றத வச்சுச் சொல்றன். வலி நின்ன நேரம் உள்ள நரம்பு செத்திருக்கும். அது அடைக்கிற நாளத் தாண்டிப் போன பல்லு. இது அடைக்கிற நாளே இன்னும் வராத பல்லு. ரெண்டும் ஒண்ணில்ல.”

“அந்த நாள் வராமலே போயிருமா?”

“போகலாம். வந்தாலும் நாம முந்திக்கலாம். நான் திரும்பத் திரும்பப் பாத்துகிட்டிருந்தாத்தான் அது முடியும்.”

“அதுதான் நடக்காதுங்க.” சிவஞானம் கையை விரித்தார். “இங்க வந்து போனா அவளுக்கும் பேரு போகும், எனக்கும் போகும். வாரேன்னு சொல்லிட்டு வராம இருப்போம். அதுக்கு இன்னைக்கே புடுங்கிட்டுப் போயிரலாம்.”

அவர் பிடிவாதத்தால் அப்படிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். காத்திருக்கலாம் என்று ஒரு மருத்துவர் எளிதாகச் சொல்லிவிடலாம். நோயாளி திரும்பி வராவிட்டால் அந்தச் சொல்லே அவருக்குக் கேடாகும். அது உங்களுக்குப் புரிந்ததை உங்கள் முகத்தில் நான் கண்டேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தீர்கள்.

“சரி. நீங்க வர வேணாம். நான் வாறன்.”

ஐயமின்றிச் சொல்கிறோம், எங்கள் டொக்டர் அவர்களே, இந்தப் பிரிவின் வரலாறு அந்த ஒரு வாக்கியத்தில்தான் திரும்பியது!

தோட்டத்தை நடத்தும் துரையிடம் நேரில் போய் அனுமதி கேட்டீர்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தைக் கெடுக்கக் கூடாது என்றார் அவர். நிறுக்கும் இடத்திலேயே நின்று பார்க்கிறேன் என்றீர்கள் நீங்கள். பகல் கொழுந்து நிறுக்க, மடுவம் என்னும் கொட்டகையில் பெண்கள் எப்படியும் வரிசையில் நிற்க வேண்டும். கை கூடையைப் பிடித்திருக்கும்; வாய் சும்மாதானே இருக்கிறது என்று நீங்கள் சொன்னதும், கணக்கப்பிள்ளை தராசிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

“இவங்க வாய் சும்மா இருந்து நான் ஒரு நாளும் பாத்ததில்லயே டொக்டர்.”

“ஒங்க தராச விட எங்க வாய் நேர்மையானது ஐயா!” என்று வரிசையின் கடைசியிலிருந்து பதில் வந்தது.

உச்சி வெயில்தான் உங்கள் விளக்கு. உலர்த்துவதற்குப் பஞ்சு, பார்ப்பதற்குக் கண்ணாடி, பூசுவதற்கு ஒரு சிறு குப்பியில் மருந்து. இறுகிப் பளபளத்த கறுப்பை விட்டுவிட்டீர்கள். சுண்ணாம்பாய் மங்கத் தொடங்கிய இடங்களில் மருந்து பூசி, “அடுத்த முறை முதல்ல உங்களைத்தான் பாப்பன்” என்றீர்கள். மேல் ஓடு உடைந்து சோறு தங்கும் பல்லாக இருந்தால், பிரஷ் போக முடியாத குழியாக இருந்தால், அதற்கு மேல் காத்திருக்கவில்லை. சின்னதாக இருக்கும்போதே வந்து அடைத்துக்கொள்ளத் திகதி கொடுத்தீர்கள். வெறும் கண்ணால் முடிவுசெய்ய முடியாதவற்றை எக்ஸ்ரேக்கு அனுப்பினீர்கள். ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன் வரிசை முழுவதையும் பார்த்துச் சத்தமாக ஒரு கேள்வி கேட்பீர்கள்:

“யாருக்காவது வலிச்சுத் தானா நின்னுச்சா?”

ஒரு தடவை, உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தயங்கித் தயங்கிக் கை தூக்கினார். “இப்ப வலியே இல்லீங்க, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். “அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறன்” என்று நீங்கள் வந்த வாகனத்திலேயே அவரை ஏற்றிக்கொண்டீர்கள். அவருக்கு அன்றே சிகிச்சை நடந்தது. அவர் இன்றும் வேலைக்குப் போகிறார். என் அக்காவுக்குக் கேட்கக் கிடைக்காத கேள்வி அவருக்குக் கேட்டது. அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன்; அதற்காக உங்களுக்கு இன்றுவரை நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

சீனி விஷயத்தில் மட்டும் எங்கள் பெண்கள் உங்களை எளிதில் விடவில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கித் தேத்தண்ணி குடிப்பது எங்கள் பழக்கம்.

“சீனி இல்லாம இந்த மலைய நீங்க ஏறிக் காட்டுங்க பாப்போம்!”

“சீனிய விடச் சொல்லல்ல. நாள் முழுக்கக் கையில வச்சு நக்கிக்கிட்டே இருக்காதீங்க. ஒரே தடவையில குடிச்சு முடிங்க. பல்லுக்கும் ஓய்வு வேணுமில்லயா?”

“எங்களுக்கே ஓய்வில்ல, பல்லுக்கு வேறயா?”

நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். ஆனால் அடுத்த முறை பார்த்தபோது பாதிப் பேர் மாறியிருந்தார்கள். படுக்கும் முன் பல் துலக்கி, தண்ணீர் ஊற்றிக் கொப்புளிக்காமல் துப்பிவிட்டுப் படுக்கவும் பழகினோம். வாயெல்லாம் சோப்பு மாதிரி இருக்கிறது என்ற முறைப்பாடு மட்டும் இன்னும் தீரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் எல்லோர் கண்ணும் ஒரு பல்லின் மீதே இருந்தது. நீங்கள் மடுவத்துக்கு வரும்போதெல்லாம் முதலில் விஜயலெட்சுமியைத்தான் கூப்பிடுவீர்கள். பெண்கள் கூடையை இறக்காமல் எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பல் கெட்டு, அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது ஆகியிருந்தால் உங்கள் சொல்லை எங்கள் பக்கத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். மறுபடியும் வான் பிடித்து வந்து எல்லாவற்றையும் பிடுங்கியிருப்போம். என் மச்சானுக்கோ மனைவிக்குப் பின் இருந்தது அந்த ஒரு பிள்ளை. அவர் உங்களை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். தூரத்தில் நின்று மகள் வாய் மூடும்வரை காத்திருப்பார். தன் வாயை மட்டும் ஒரு தடவையும் காட்டியதில்லை. “அண்ணன், நீங்களும் வாங்களேன்” என்பீர்கள். “எனக்கென்ன, இரும்பு மாதிரி இருக்கு” என்று நடந்துவிடுவார். அது வீறாப்பு இல்லை, பயம் என்று நீங்களும் நானும் அறிவோம்.

தொற்று நோயால் ஊர் அடைந்து கிடந்தபோது நீங்கள் வர முடியாமல் போனது. வழி திறந்ததும் முதல் வாரமே வந்தீர்கள். பெற்றோல் இல்லாத வருடத்தில் பாதி வழி பஸ்ஸில் வந்து, மீதி வழி குறுக்குப் பாதையில் ஏறினீர்கள். நான் உங்கள் பெட்டியைச் சுமந்தேன், ஷிரோமி உங்களைச் சுமக்க வேண்டி வருமோ என்று பயந்தார்! அதற்குள் நானும் இந்தப் பிரிவில் ஊழியராகச் சேர்ந்திருந்தேன். விஜயலெட்சுமி பண்டாரவளையில் புடவைக் கடை வேலைக்குப் போய், திருமணமாகி, பிள்ளை பெற்றாள். தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் உங்களிடம் வாயைக் காட்டிவிட்டுப் போனாள்; பல் அப்படியே இருந்தது.

போன மாதம் அது உடைந்தது.

“நாக்குல ஏதோ தட்டுப்படுது சின்னம்மா” என்று எனக்குத்தான் முதலில் சொன்னாள். மறுநாள் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சிவஞானமும் வந்தார். எங்கள் பிரிவின் இளம் மருத்துவர் டொக்டர் றுஷாந்தன் தன் வேலையை நிறுத்திவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து நின்றார்.

உலர்த்தினீர்கள், பார்த்தீர்கள், எக்ஸ்ரே எடுத்தீர்கள். பழைய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்தீர்கள். “மேல் ஓடு உடைஞ்சிட்டு. நிழல் உள்ளுக்கு இறங்கத் தொடங்கியிருக்கு. நரம்புக்கு இன்னும் நிறையத் தூரம். இன்னைக்கு அடைப்போம்” என்றீர்கள்.

சிவஞானம் கேட்டார். அவர் கேட்காவிட்டால் லயத்தில் வேறொருவர் கேட்டிருப்பார். “இத்தன வருஷம் பாத்துப் பாத்து, கடைசில அடைக்கத்தானே வேண்டி வந்துச்சு?”

“ஓம் அண்ணன். வந்திச்சு.” நீங்கள் சமாதானம் சொல்லவில்லை, மழுப்பவும் இல்லை. “அன்னைக்கு அடைச்சிருந்தா இதுக்குள்ள ஒரு தடவை மாத்தியிருப்போம். பெரிய அடைப்பா இருந்திருக்கும். இத்தனை வருஷம் பிள்ளை அவட சொந்தப் பல்லுல சாப்பிட்டிருக்கா, இப்ப போடப் போறது அரிசி மணி அளவு. பாத்துகிட்டே இருந்தபடியாத்தான் இன்னைக்கு இது இவ்வளவு சின்னதா இருக்கு.”

அடைத்து முடித்தீர்கள். விஜயலெட்சுமி எழுந்து, வாயை அசைத்துப் பார்த்துக் கொண்டே குழந்தையை வாங்கிக்கொண்டாள். “அவ்வளவுதானா?” என்றாள். நாங்கள் அடுத்த நோயாளியைக் கூப்பிடப் போனோம்.

சிவஞானம் போகவில்லை. நாற்காலியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏறி உட்கார்ந்து வாயைத் திறந்தார்.

அந்த வாயில் என்ன இருக்குமோ என்று நான் பயந்தது எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தீர்கள். வலித்து நின்ற பல் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்று தலையாட்டினார். ஈறில் கொஞ்சம் பிரச்சினை, மேலே ஒரு பல்லில் மங்கலாக ஓர் இடம். மருந்து பூசினீர்கள்.

“இதப் பிடுங்கவும் வேணாம், அடைக்கவும் வேணாம். பொங்கல் முடிஞ்சு ஒருக்காப் பாக்கணும்.”

“பொங்கலுக்கு நீங்க இருக்க மாட்டீங்களாமே. ஜீவா சொல்லுச்சு.”

“நான் இருக்க மாட்டன். இவர் இருப்பார்.” டொக்டர் றுஷாந்தனைக் காட்டினீர்கள். “நான் பாக்கிறதத்தான் இவரும் பாப்பார். என்னை விடக் கண்ணும் நல்லம்.”

சிவஞானம் அந்த இளம் டொக்டரை மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் என்ன தேடினாரோ தெரியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“மடுவத்துக்கு நீங்க வர வேணாம் தம்பி. நானே வாரேன்” என்றார்.

டொக்டர் அவர்களே! நீங்கள் கைகழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். நெடுநேரம் கை கழுவினீர்கள். நாங்கள் பார்க்காதது போல நின்றோம்.

பேருக்குப் பயந்து, பஸ்ஸுக்குப் பயந்து, எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்க வேண்டி வரும் பதிலுக்குப் பயந்து வராமலே இருந்த ஒரு மனிதர், நீங்கள் இல்லாத நாளிலும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் சேவையை வாழ்த்த இதைவிடப் பெரிய சொல் எங்களிடம் இல்லை.

உங்கள் அல்லாஹ்வும், எங்கள் முருகனும், ஷிரோமியின் அந்தோனியாரும் ஒரே மனதாக உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நோயற்ற உடலையும் நிறைந்த மனதையும் தரட்டும். காலை பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாத விடியல்கள் உங்களுக்கு நிறையக் கிடைக்கட்டும். பேரப்பிள்ளைகள் உங்கள் மடியில் வந்து விழும்போது, முதலில் அவர்களைக் கொஞ்சுங்கள். பல்லைப் பிறகு பார்க்கலாம்.

பொங்கல் முடிந்த வாரத்தில் சிவஞானம் மச்சான் வருவார். நாங்கள் இருப்போம்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
டொக்டர் றுஷாந்தன், தாதி ஷிரோமி, ஊழியர் ஜீவராணி
மற்றும் பல் சிகிச்சைப் பிரிவின் அனைவரும்
பதுளை